இறங்காத மண்

மண் வேலைக்கு எங்களை அனுப்பியபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் சந்தோஷம் குறைவு.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோலா பிலாவிலிருந்து கெமாஸ் போகிற வழியில், சடக்கு என்கிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். டிவிஷனுக்கு டிவிஷன் சிதறிக் கிடந்த லயங்களை இடித்துவிட்டு, எல்லாரையும் பெரிய துரை பங்களாவுக்குக் கீழே ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கேட்டை மூடுவார்கள். வெளிச்சம் வந்தபின்தான் திறப்பார்கள். காட்டோரம் இருந்த மேல் டிவிஷனில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை யாரோ சகட்டுமேனிக்கு வெட்டிப் பட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து அங்கே பால் வெட்டு நின்றுபோயிருந்தது. அந்த டிவிஷனில் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை இல்லை. நானும் அண்ணியும் அவர்களில் இருந்தோம்.

அண்ணி என் கணவருக்கு அக்கா. அவள் கணவருக்குக் கெமாஸில் ரயில் பாதை வேலை. குடும்பத்தோடு தங்க அங்கே இன்னும் வீடு கிடைக்கவில்லை. அதனால் அண்ணி பல் முளைக்காத தன் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவர் விடுமுறை கிடைக்கிறபோது பஸ்ஸில் வருவார், கேட் மூடுவதற்குள் கிளம்பிவிடுவார். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி என்றால் பெரும்பாலும் அப்படித்தான், ஒருவர் வேலிக்கு உள்ளே, மற்றவர் வெளியே.

ஒருநாள் காலைப் பிரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொன்னார்: "மேல் டிவிஷன் பொம்பளைங்க எல்லாம் இனிமே மண்ணு வேலைக்கு. மேடு ஏறி எறங்க வேணாம், வாளி தூக்க வேணாம். கொட்டகைக்குள்ள செய்யிற வேலைலா."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூரைக்கு அடியில் வேலை என்பதே போதுமாக இருந்தது.

மண் என்றால் பழைய ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குன்றின் மண். அந்தக் குன்றில் எதை நட்டாலும் சோகை பிடித்த மாதிரித்தான் வளரும். இலை மஞ்சளாகி, மரம் விரல் பருமனுக்கு மேல் தேறாது. அங்கே ஒரு சுரங்கக் கம்பெனி வந்து குழி குழியாக வெட்டிப் பார்த்திருந்தது. மண்ணுக்குள் நிக்கல் இருக்கிறது என்றார்கள். இரும்புச் சாமானுக்கு மினுமினுப்பும் பலமும் தருகிற உலோகம் அது. ஆனால் வெள்ளீயம் எடுப்பதுபோல அதைச் சும்மா கழுவி எடுத்துவிட முடியாது. மண்ணைச் சேறாகக் கரைத்து, மூடி போட்ட ஓர் இரும்புப் பானைக்குள் ஆசிட் ஊற்றிக் கடும் சூட்டில் வேகவைத்தால் நிக்கல் மட்டும் கரைந்து தண்ணீருக்குள் வரும், இரும்பு அடியில் தங்கிவிடும். இந்த மண் அதற்குத் தேறுமா என்று பார்ப்பதற்காகச் சின்னதாக ஒரு சோதனை நடந்தது. மண்ணைப் பானைக்குத் தயார் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் ஓர் இளைஞர். சிரம்பானில் பிறந்தவர் என்றாலும் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். ஆசிட் கொட்டகையும் எங்கள் கொட்டகையும் அவர் பொறுப்பில் இருந்தன. எல்லாருக்கும் மேலே வெள்ளைக்காரச் சுரங்கத் துரை ஒருவர் இருந்தார். பெரும்பாலும் குழிப் பக்கமே துப்பாக்கியோடு நிற்பார். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியோடு குழம்பிவிடக் கூடாதென்று அந்த இளைஞருக்கு நாங்கள் மண் கிராணி என்று பேர் வைத்தோம். அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை.

குன்றை வெட்டினால் மண் அடுக்கடுக்காக இருந்தது. மேலே கறுத்த சரளை. அதன் கீழே செம்மண். அதற்கும் கீழே மஞ்சள் மண், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதற்கும் அடியில் பச்சை பாய்ந்த மக்கிய கல். ஆண்கள் வெட்டிக் கொட்டுவதில் நாலும் கலந்துதான் வரும். வேண்டியது செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் மட்டும். நாங்கள் தரையில் உட்கார்ந்து மரக்கொட்டாப்புளியால் கட்டிகளை உடைத்து, சரளையை ஒரு பக்கமும் பச்சைக் கல்லை ஒரு பக்கமும் பொறுக்கி எறிவோம். சரளையில் ஒன்றும் இல்லை. பச்சைக் கல் அதைவிட மோசம்.

"அந்தப் பச்சையை விட்டுடாதேங்கோ அக்கா," என்பார் மண் கிராணி. "ஒரு கூடை உள்ளுக்குப் போனாலும் ஆசிட்டை எல்லாம் அதுவே குடிச்சுப்போடும்."

பொறுக்கிய மண்ணைப் பழைய பால் தொட்டிகளில் கொட்டித் தண்ணீர் விட்டு, துடுப்புக் கட்டையால் கலக்கி, கம்பிச் சல்லடையில் வடித்து, அடுத்த தொட்டியில் விடுவோம். சல்லடையில் நின்றது குப்பைக்குப் போகும். தொட்டியில் சேறு அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்ததும், தண்ணீரை ஓட்டை வழியாகத் திறந்து விட்டுவிட்டு, கெட்டியான சேற்றை வாளியில் அள்ளி ஆசிட் கொட்டகைக்குக் கொடுக்க வேண்டும். வாளி தூக்க வேண்டாம் என்று மண்டோர் சொன்னது எவ்வளவு பொய் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பால் வாளி கனம்தான், ஆனால் அந்தச் சேற்று வாளி தூக்குகிறவளையும் தரையோடு சேர்த்து இழுக்கும்.

முதுகு வலி போகப் போக உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரல் இடுக்கில் மஞ்சள் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாது. சேலை, பாவாடை, தலைமுடி எல்லாம் ஒரே நிறம். அண்ணி மதியம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி வாங்கியிருந்தாள். குழந்தையின் கன்னத்தில் அவள் கை பட்ட இடமெல்லாம் மஞ்சள் தடம் இருக்கும். ஆயா திட்டுவாள். அண்ணி அந்தத் தடத்தை முந்தானையால் துடைத்துவிடுவாள். திரும்பி வந்து கட்டையை எடுத்துக் கலக்கத் தொடங்குவாள்.

பசிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய களைப்பு. வேலிக்கு வெளியே அரிசி, மாவு, சோறு, ரொட்டி, சீனி எதுவும் போகக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். கடையில் டின் வாங்கினால்கூடக் கடைக்காரர் ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் தருவார், சேர்த்து வைக்க முடியாதபடி. வெறும் தேத்தண்ணி மட்டும் போத்தலில் கொண்டுபோகலாம். காலையில் கேட்டில் வரிசை நிற்கும். பெண்களுக்குச் சாக்குத் திரை கட்டிய ஒரு மறைவு. உள்ளே ஒரு மலாய்க்கார அம்மா கொண்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார், முந்தானையைத் தடவிப் பார்ப்பார், போத்தலை முகர்ந்து பார்ப்பார். கெட்டவர் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். எங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மண் இறங்க மறுத்தது.

குழி ஆழமாகப் போனதும் மண் மாவு மாதிரி நுணுக்கமாக வரத் தொடங்கியது. கரைத்து வடித்துத் தொட்டியில் விட்டால், மறுநாள் காலையிலும் அப்படியே பால் கலந்த தேத்தண்ணி மாதிரி நிற்கும். தெளியவே தெளியாது. அதை அப்படியே பானைக்குக் கொண்டுபோனால் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்க விறகு போகும், அதற்கும் ஆசிட் போகும், உள்ளே மண் இருக்காது. சுரங்கத் துரை வந்து தொட்டிகளைப் பார்த்துவிட்டுக் குழிப் பக்கம் போவார். கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனையைப் பார்க்க வரப்போவதாகப் பேச்சு இருந்தது. தொட்டி காலியாகாததால் நாங்கள் புது மண் கரைக்க முடியாது, ஆனால் சும்மா உட்காரவும் விடமாட்டார் மண்டோர். நின்ற சேற்றை மறுபடி மறுபடி வேறு தொட்டிக்கு மாற்றச் சொன்னார். அந்த வேலையில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மண் கிராணி ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்தத் தண்ணீரை எடுத்து வைத்து, தன் மேசையிலிருந்து எதையெதையோ கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"மாப்பசை விட்டால் இந்தத் தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கனமாகிக் கீழே போகும் எண்டு படிச்சிருக்கிறன்," என்றார். "மரவள்ளி மா கேட்டு நான் பொலிசுக்கு எழுதிப் போட்டு எவ்வளவு நாளாச்சு. பதிலே இல்லை. மா எண்டால் சாப்பாட்டுச் சாமானாம்."

அண்ணி கேட்டாள்: "கஞ்சித் தண்ணி ஆகாதா ஐயா?"

"ஆகும். அதுவும் அதுதான். ஆனால் எனக்குச் சமைக்கிறவன் வடிக்கிறதே இல்லை." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் கொஞ்சம் கொண்டுவர ஏலுமோ?"

நான் அண்ணியின் முழங்கையை இடித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வடிச்சுக் கொட்டுறதுதானே," என்றாள். "சோறு இல்லையே."

வீட்டுக்கு வரும்போது நான் சொன்னேன்: "அண்ணி, கேட்ல புடிச்சா வம்பு."

"புடிச்சா மண்ணுக்குன்னு சொல்லுவேன். எனக்கு அந்தச் சேத்த மாத்தி மாத்தி ஊத்தி முதுகு போச்சு புள்ள. அது எறங்குனா போதும்."

ஆசையோ துணிச்சலோ அதில் இல்லை. அவளுக்கு அந்த வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் தேத்தண்ணிப் போத்தலில் கஞ்சியை ஊற்றி, நிறத்துக்குக் கொஞ்சம் தேத்தண்ணி விட்டுக்கொண்டாள். மலாய்க்கார அம்மா முகர்ந்து பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார், போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டார்.

குடுவையில் மண் கிராணி சில துளி விட்டு மெதுவாகக் கலக்கினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்குள் மண் மணி மணியாகத் திரிந்தது, கித்தாப் பாலில் ஆசிட் விட்டதும் திரியுமே, அந்த மாதிரி. மணிகள் ஒன்றாகித் தூறல்போலக் கீழே இறங்கின. மேலே தண்ணீர் ஒரு கோடாகத் தெளிந்தது. ஒருத்தி, "அப்பாடா," என்றாள். பெரிய தொட்டிக்குப் போத்தல் கஞ்சி காணாது. ஆனாலும் அண்ணி கொண்டுவந்ததைத் தண்ணீரில் காய்ச்சிப் பெருக்கி ஊற்றியதில் ஒரு தொட்டியாவது மாலைக்குள் தெளிந்தது. சில நாட்கள் இப்படி நடந்தது. சேறு கெட்டியாக வந்தது. ஆசிட் பானை பகலெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு கெமாஸ் சடக்கில் கம்யூனிஸ்டுகள் ஒரு போலீஸ் லாரியைச் சுட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். மறுநாள் காலை எங்கள் கேட்டில் பழைய முகம் ஒன்றுகூட இல்லை. மலாய்க்கார அம்மாவுக்குப் பதில் வேறொருத்தி இருந்தாள். வெளியே ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் அண்ணி. திரும்பிப் போய்விடலாம் என்று நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

புதியவள் போத்தலை முகரவில்லை. உள்ளங்கையில் ஊற்றி விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரல் ஒட்டியது. அண்ணியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

தோட்டத்துக் கிராணியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"என்னம்மா இது?"

"கஞ்சித் தண்ணி."

"யாருக்குக் கொண்டு போற?"

"மண்ணுக்கு."

"மண்ணுக்கா?"

"மண்ணு எறங்கறதுக்கு ஊத்துறோம். மண் கிராணி ஐயா கேட்டாரு."

கிராணி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "மண்ணுக்குக் கஞ்சி ஊத்துறேன்னு நான் இத எப்படிம்மா இங்கிலீஷ்ல சொல்றது?"

சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் கேட்டுப் பழகிய முகம் அது. நானும் முன்னால் போய், "ஆமாங்கய்யா, நெசந்தான்," என்றேன். மாத்தா, அதாவது போலீஸ்காரன், ஒருவன் துப்பாக்கிக் கட்டையை நீட்டி என்னை வரிசைக்குத் தள்ளினான்.

செய்தி போய் மண் கிராணி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். செருப்பில் ஒன்று இல்லை. இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான்தான் கேட்டேன் என்கிறார் என்று பாஷை தெரியாத எங்களுக்கும் புரிந்தது. அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் நீங்களும் ஏறுங்கள் என்று லாரியைக் காட்டினார். அவரும் ஏறினார். லாரியில் அண்ணி பின்பலகை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்:

"புள்ளைக்கு மத்தியானம் பால் குடுக்கணும்."

மண் கிராணி அன்று மாலையே திரும்பினார். சுரங்கத் துரை ஜீப்பில் போய்க் கூட்டிவந்திருந்தார். அண்ணியை விடவில்லை. அவள் கையில் பொருள் இருந்தது, அவள்தான் வேலியைத் தாண்டிக் கொண்டுபோனவள், சட்டம் அவளுக்குத்தான் என்றார்களாம். கோலா பிலாவிலிருந்து சிரம்பானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

குழந்தை முதல் நாள் டின் பாலைத் துப்பியது. இரண்டாம் நாளும் துப்பியது. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். என் கணவர் வாங்கி நடப்பார். பிறகு நான். பசி தாங்காமல் ஒருநாள் குடித்துவிட்டது. அது குடித்ததும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். நிம்மதியா, துக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும். அண்ணி இல்லாததால் அவள் பங்கு வாளியும் எங்கள் மேலேயே விழுந்தது. மண் மறுபடி இறங்காமல் நின்றது.

அண்ணியின் கணவர் கெமாஸிலிருந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். சிரம்பானுக்குப் போனார், கோலா பிலாவுக்குப் போனார், மறுபடி சிரம்பானுக்குப் போனார். ஒவ்வோர் இடத்திலும் வாசலில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போகச் சொன்னால் போவார். ஒருநாள் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் மரியாதையாத்தாம்மா பேசுறாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியல."

மண் கிராணியும் விடவில்லை. சுரங்கத் துரையைப் பிடித்து, அந்தப் போலீஸ் அதிகாரியைக் கொட்டகைக்கே வரவழைத்துவிட்டார். நேரில் காட்டிவிடலாம் என்று நினைத்தார். அதிகாரியோடு வந்த மாத்தா, வேலிக்குள்ளிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்துவந்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். நாங்கள் கட்டையோடு ஓரமாக நின்றோம். மண் கிராணி குடுவையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு, கஞ்சியைத் துளித் துளியாக விட்டுக் கலக்கி, மேசையில் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அன்று குழியில் பச்சைக் கல் கலந்த மண் அதிகம். அதனாலா, கஞ்சி அதிகம் நீர்த்திருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் அப்படியே கலங்கி நின்றது. மண் கிராணியின் கழுத்தில் வேர்வை வழிவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சிகரெட் பற்றவைத்தார். ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். எனக்கு அந்தக் குடுவையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நின்றபடியே தூங்கிவிடுவேன் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவள் என் கையைக் கிள்ளினாள். திறந்து பார்த்தபோது குடுவையின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. மிகவும் மெதுவாகத்தான். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி எழுந்து குனிந்து பார்த்தார். விரலால் குடுவையைத் தட்டினார். சுரங்கத் துரையிடம் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார்.

"நம்பிட்டார்," என்றார் மண் கிராணி. உட்கார்ந்துவிட்டார். "நம்பிட்டார் அக்கா. ஆனால் கேஸ் சிரம்பானுக்குப் போயிட்டுதாம். அங்கயிருந்து திரும்பி வரவேணுமாம்."

திரும்பி வர எத்தனையோ நாளாயிற்று. இதற்கிடையில் மரவள்ளி மாவுக்கு அனுமதி வந்துவிட்டது. மூட்டைகள் லாரியில் போலீஸ் காவலோடு வந்தன. யாரும் எடுத்துச் சாப்பிடக் கூடாதென்பதற்காக எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, மண்ணெண்ணெய் தெளித்துப் பிசைந்தார்கள். அந்த வாடை அடிக்கிற மாவைக் காய்ச்சித்தான் தொட்டிகளில் ஊற்றினோம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பெண்கள் பானை பானையாக மாவுக் கூழ் காய்ச்சிச் சேற்றில் ஊற்றிக்கொண்டிருந்தோம். மண் நன்றாக இறங்கியது.

அண்ணி வந்த அன்று மழை. கோலா பிலா பஸ்ஸில் வந்து, சடக்கிலிருந்து நடந்தே வந்தாள். கூட அவள் கணவர். கேட்டில் சோதனை முடிந்து வீட்டுக்குள் வந்தவள் பாயில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். விரல் இடுக்கில் இருந்த மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது. குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். குழந்தை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டி வீறிட்டது. அண்ணி ரவிக்கையைத் தளர்த்தினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் வற்றிப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"வச்சுக்க," என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நாளாகும்."

"உள்ள அடிச்சாங்களா அண்ணி?"

"இல்ல. சும்மா ஒக்காந்திருந்தேன். அங்க வேலையே இல்ல. ஒக்காந்தே இருந்தா தூக்கம் வருமின்னு நெனச்சேன். வரல."

மறுநாள் மண்டோர் அவள் பெயரையும் பிரட்டில் கூப்பிட்டார். போனாள். தொட்டியில் கட்டையைப் போட்டுக் கலக்கினாள். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற மாத்தாவைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஆசிட் பானையைச் சுற்றி நின்று எழுதிக்கொண்டார்கள். நாங்கள் கொடுத்த மண் நல்ல மண்தான், தயார் செய்ததில் குறை சொல்ல முடியாது என்றார்களாம். ஆனால் குன்றில் நல்ல மண்ணின் அடுக்கு மெல்லிசு, அடியில் பச்சைக் கல்தான் அதிகம், ஆசிட் செலவுக்கே கட்டுப்படியாகாது என்று முடிவாயிற்று. பானையைக் கழற்றினார்கள். போர்ட்டிக்சன் பக்கம் ஏதோ கிடங்குக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். தயார் செய்து வைத்திருந்த சேற்றை என்ன செய்வது என்று கேட்டபோது, அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். காய்ந்து தொட்டிக்குள்ளேயே பாளம் பாளமாக வெடித்தது.

மண் கிராணி புறப்படும் முன் எங்கள் வேலிக்கு வந்தார். உள்ளே வர அனுமதி வாங்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் கேட்டிருக்கக் கூடாது அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கூடவே லாரில ஏறுனீங்கல்ல ஐயா. அன்னைக்கு அது எனக்குத் தெம்பா இருந்திச்சு."

அவர் போகாமல் நின்றார். அண்ணிதான், "பஸ்ஸு போயிடும்லா, கெளம்புங்க," என்றாள். போனார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் எப்போது போயிற்று என்று நினைவில்லை.

நான் வேறு டிவிஷனில் பால் வெட்டுக்குத் திரும்பினேன். சில மாதங்கள் கழித்து அண்ணியின் கணவருக்கு ரயில் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைத்தது. சாமான் தூக்க நானும் கூடப் போனேன். குழந்தை அதற்குள் தவழத் தொடங்கி, அண்ணியிடமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தூங்குவதற்கு மட்டும் என்னிடம்தான் வரும். பஸ்ஸில் முழுக்க என் மடியில்தான் தூங்கியது. இறங்கும்போது எப்படிக் கொடுப்பது என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸ் தண்டவாளத்துக்கு மிகவும் பக்கம். ரயில் போனால் சட்டி ஆடியது. அங்கேயும் சடக்கில் காவல் இருந்தது, ஊரடங்கு இருந்தது. ஆனால் வாசலில் கம்பி இல்லை. அண்ணி பாயை விரித்து, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் சாயுறேன் புள்ள," என்று படுத்தாள். பட்டப்பகல். நான் மூட்டைகளைப் பிரித்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கினேன். குழந்தை விழித்து, அவள்மேல் ஏறி, அவள் கழுத்துச் சரட்டைப் பிடித்து இழுத்து விளையாடியது. அவள் அசையவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக வந்து போனது. அதற்கும் அசையாமல் தூங்கினாள்.

சடக்கு மூடுவதற்குள் நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணியின் கணவர் எழுப்பட்டுமா என்று ஜாடையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.